ரேம் பத்தாதாம்... யாருக்குப் பத்தாது?

“எடே, அந்த லேப்டாப்புல இதெல்லாம் ஓடாதுடே. ரேம் பத்தாது. வாங்கிப் போடு.”

மயிலாடியில் ஆகட்டும், அக்கம்பக்கத்து சுசீந்திரம், அஞ்சுகிராமம், ஆரல்வாய்மொழியில் ஆகட்டும், ஆண்ட்ராய்டு ஸ்டூடியோவைத் திறந்துவிட்டு உறைந்துபோன திரையையே பார்த்துக்கொண்டிருக்கும் கல்லூரிப் பிள்ளைக்குக் கிடைக்கிற ஒரே தொழில்நுட்ப ஆலோசனை இதுதான். சீனியர் அண்ணன் இதைத்தான் சொல்வார். கம்ப்யூட்டர் கடைக்காரரும் இதைத்தான் சொல்வார் (அவருக்கு ரேம் விற்க வேண்டும், அவரைக் குறை சொல்லிப் பயனில்லை). ஆப்பரேட்டிங் சிஸ்டம் பாடம் நடத்துகிற சாரும் இதையே சொல்வதுதான் கொடுமை.

இந்தப் பதிலில் பாதி உண்மை. மீதிப் பாதி சோம்பேறித்தனம். அந்த மீதிப் பாதிக்கு விலை கொடுப்பது யார் என்பதுதான் இங்கே பேச வேண்டிய விஷயம்.

விலை என்ன என்று முதலில் பார்ப்போம். ஒரு பிள்ளை ஆசையாக ஒரு ஆப் எழுத உட்காருகிறது. பட்டனை அழுத்தினால் ஏழெட்டு நிமிடம் ஒன்றும் நடக்கவில்லை. மவுஸ் நகரவில்லை. இரண்டு வாரம் இப்படியே போனால் அது என்ன முடிவுக்கு வரும்? “நமக்கு இதெல்லாம் சரிப்படாது. காசுள்ளவன் வீட்டுப் பிள்ளைதான் இதைச் செய்ய முடியும்.” அப்புறம் கடைசி வருட ப்ராஜெக்ட் வரும். நேராக ஒரு ப்ராஜெக்ட் சென்டருக்குப் போய், ரெடிமேடாக எழுதி வைத்திருப்பதைக் காசு கொடுத்து வாங்கி, பெயரை மட்டும் மாற்றி பைண்ட் பண்ணிக் கொடுத்துவிடும். தமிழ்நாட்டில் இது ஒரு தொழிலாகவே நடக்கிறது, தெரியாதவர் யாருமில்லை. அந்தப் பிள்ளைக்கு நாலு வருடப் படிப்பில் கையால் ஒன்றைச் செய்து பார்க்கும் ஒரே வாய்ப்பு அதுதான். “ரேம் பத்தாது” என்ற இரண்டு வார்த்தையில் அது போய்விட்டது.

இப்போது பொட்டியைப் பற்றி. தமிழ்நாடு அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கியது. எல்காட் நிறுவனம் வாங்கிக் கொடுத்தது. அடுத்த எட்டு ஒன்பது வருடத்தில் 50 லட்சத்துக்கும் மேல் பிள்ளைகள் கைக்குப் போய்ச் சேர்ந்தது. தொடக்கத்தில் வந்தவற்றில் 2 ஜிபி ரேம், 320 ஜிபி வன்தட்டு. பின்னால் வந்தவற்றில் 4 ஜிபி. இடையில் சில வருடம் திட்டம் நின்று, 2026 ஜனவரியில் கல்லூரி மாணவர்களுக்கு வழங்கத் தொடங்கியவற்றில் 8 ஜிபி ரேமும் 256 ஜிபி எஸ்எஸ்டியும். “ஓசி லேப்டாப்” என்று உதட்டைப் பிதுக்குகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்: 2014 டிசம்பரில் ஆண்ட்ராய்டு ஸ்டூடியோ முதல் பதிப்பு வந்தபோது, அதை உருவாக்கிய கூகுளே கேட்ட குறைந்தபட்ச ரேம் 2 ஜிபி. இருந்தால் நல்லது என்றது 4 ஜிபி. அதாவது அரசு கொடுத்த பொட்டி அன்றைக்கு அந்த மென்பொருளின் வாசலில் நிற்கத் தகுதியான பொட்டிதான்!

இன்று அதே கூகுளின் பக்கத்தில் ஸ்டூடியோ மட்டும் ஓட்ட 8 ஜிபி, எமுலேட்டரோடு சேர்த்து ஓட்ட 16 ஜிபி, சிபாரிசு 32 ஜிபி. ஆப் எழுதும் பிள்ளையின் ஆசை ஒன்றும் பதினாறு மடங்கு வளரவில்லை. அன்றும் ஒரு லாகின் பக்கம், ஒரு பட்டியல், ஒரு பட்டன். இன்றும் அதேதான்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. 2017-இல் இதே கூகுள் ‘ஆண்ட்ராய்டு கோ’ என்று ஒரு பதிப்பை வெளியிட்டது. 1 ஜிபியும் அதற்குக் குறைவாகவும் ரேம் உள்ள மலிவு விலைப் போன்களுக்காக. இந்தியா மாதிரி நாடுகளை மனதில் வைத்துத்தான். ஆப்பைச் சிறியதாக எழுதுங்கள், நினைவகத்தைச் சிக்கனமாகச் செலவிடுங்கள் என்று டெவலப்பர்களுக்கு உபதேசமும் நடந்தது. வாங்குகிறவனுக்கு 1 ஜிபி போன் போதும், எழுதுகிறவனுக்கு மட்டும் 32 ஜிபி பொட்டி வேண்டும். ஏழை நாட்டு ஆள் என்றால் வாடிக்கையாளனாகத்தான் இருப்பான், எழுதுகிறவனாக இருக்க மாட்டான் என்ற நினைப்போ என்னவோ!

சரி, கூகுளைத் திட்டி முடித்தாயிற்று. அதனால் மயிலாடியில் ஒரு மெகாபைட் கூடக் கூடப்போவதில்லை. அந்த ரேம் எங்கே போகிறது என்று பார்ப்போம்.

8 ஜிபி பொட்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். விண்டோஸ் 11, ஆன்ட்டிவைரஸ், இதர பரிவாரம் எல்லாம் சேர்ந்து ஏறக்குறைய 3 ஜிபியை முதலிலேயே எடுத்துக்கொள்ளும். ஆண்ட்ராய்டு ஸ்டூடியோ என்பது ஜாவா மெய்நிகர் இயந்திரத்துக்குள் ஓடுகிற ஒன்று. அதன் ஹீப் உச்சவரம்பு முன்பு 1280 எம்பி ஆக இருந்தது, இப்போது 2 ஜிபி. ஆப்பைக் கட்டித் தருகிற கிரேடில் தனி ஆள், தனி ஜாவா. புதிய ப்ராஜெக்ட் தொடங்கும்போதே அதன் அமைப்புக் கோப்பில் ‘எக்ஸ்எம்எக்ஸ் 2048’ என்று எழுதியே வருகிறது. அதாவது இன்னொரு 2 ஜிபி. கோட்லின் கம்பைலர் இன்னொரு டீமனாக எழுந்து நிற்கும். அதற்குத் தனியாக ஒன்றும் சொல்லாவிட்டால் கிரேடிலுக்குச் சொன்ன அதே வரம்பை எடுத்துக்கொள்ளும். ஆக இன்னொரு 2. எமுலேட்டரைத் திறந்தால் அதற்கு 2. பக்கத்தில் குரோமில் பத்து டேப். கூட்டிப் பாருங்கள், 12 ஜிபி வருகிறது.

இவை உச்சவரம்புகள்தான், எல்லாம் ஒரே நேரத்தில் நிரம்ப வேண்டும் என்பதில்லை. ஆனால் ஜாவாவின் குணம் அப்படி. இடம் இருக்கும்வரை குப்பையை அள்ள அது அவசரப்படாது. பெரிய வீடு கொடுத்தால் சாமான் பெருகுகிற கதைதான். 2 ஜிபி என்று எழுதி வைத்தால் 2 ஜிபி பக்கம் போகத்தான் செய்யும்.

இந்த எண்களில் எதையும் அந்தப் பிள்ளை தேர்ந்தெடுக்கவில்லை. எங்கோ 32 ஜிபி, 64 ஜிபி மேசையில் உட்கார்ந்திருக்கும் ஒருவர் தன் வசதிக்குப் போட்ட எண். அது ஒரு சாதாரண டெக்ஸ்ட் கோப்பில் ஒரு வரி. திறந்து மாற்றலாம். “ரேம் பத்தாது” என்று சொல்லும் யாரும் அந்தக் கோப்பைத் திறந்து காட்டுவதில்லை.

இன்னொரு கூத்து. கிரேடில் டீமன் வேலை முடிந்ததும் போய்விடாது. அடுத்த முறை சீக்கிரம் ஓட வேண்டும் என்று 3 மணி நேரம் சும்மா காத்துக்கொண்டிருக்கும், ரேமைப் பிடித்துக்கொண்டே. ஸ்டூடியோ தனக்கென்று கொண்டுவந்த ஜாவாவைப் பயன்படுத்தும். டெர்மினலில் வேறு ஜாவா இருந்தால் அங்கிருந்து கட்டும்போது இரண்டாவது டீமன் எழும். ஒரே ப்ராஜெக்டுக்கு இரண்டு காவல்காரன், இரண்டு பேருக்கும் சோறு. ‘ஜேபிஎஸ்’ என்று ஒரு கட்டளை ஜாவாவோடு இலவசமாக வருகிறது. அடித்தால் எத்தனை ஜாவா உயிரோடு இருக்கிறது என்று பட்டியல் காட்டும். கிரேடிலுக்கு ‘ஸ்டாப்’ என்று சொன்னால் அதே பதிப்பு டீமன்கள் எல்லாம் எழுந்து போய்விடும். ஒரு ரூபாய் செலவில்லை. இதைச் சொல்லிக் கொடுக்க ஐந்து நிமிடம் ஆகுமா?

மயிலாடி கல் சிற்பிகளின் ஊர். கல்லை அளந்து, தட்டிச் சத்தம் கேட்டு, அப்புறம்தான் அங்கே உளி எடுப்பார்கள். அந்த ஊர்ப் பிள்ளை டாஸ்க் மேனேஜரைக்கூடத் திறந்து பார்க்காமல் ‘பொட்டி சரியில்லை’ என்று சொல்லும்படி நாலு வருடம் பாடம் நடத்துவது ஒரு சாதனைதான் :)

பாடத்தைப் பற்றிப் பேச்சு வந்துவிட்டதால் சொல்லித்தான் ஆக வேண்டும். த்ராஷிங் என்றால் என்ன என்று ஆப்பரேட்டிங் சிஸ்டம் தாளில் கேள்வி வராத வருடம் உண்டா? ஃபிஃபோ, எல்ஆர்யூ என்று பக்கப் பரிமாற்றக் கணக்கு போடாத பிள்ளை உண்டா? கட்டம் போட்டு, பேஜ் ஃபால்ட் எண்ணி, முழு மதிப்பெண் வாங்குவார்கள். பீட்டர் டென்னிங் என்ற அமெரிக்கர் 1968-இல் இதைத்தான் எழுதினார். ஒரு நிரல் ஒரு சமயத்தில் உண்மையிலேயே புழங்குகிற பக்கங்களின் தொகுதிக்கு ‘ஒர்க்கிங் செட்’ என்று பெயர் வைத்தார். ஓடுகிற எல்லா நிரல்களின் ஒர்க்கிங் செட்டும் சேர்ந்து ரேமுக்குள் அடங்காவிட்டால், கணினி வேலையை விட்டுவிட்டுப் பக்கங்களை உள்ளே வெளியே தூக்கிப்போடுவதிலேயே காலத்தைக் கழிக்கும் என்றார். விண்டோஸ் டாஸ்க் மேனேஜரில் டீடெய்ல்ஸ் பகுதிக்குப் போய்ப் பாருங்கள், மெமரி என்ற தலைப்புக்குப் பக்கத்திலேயே ‘ஒர்க்கிங் செட்’ என்று போட்டிருக்கும். அதே டென்னிங் வைத்த பெயர்தான். தேர்வு அறையில் இதற்கு இரண்டு பக்கம் பதில் எழுதிய பிள்ளை, வீட்டுக்கு வந்து தன் மடியில் நிஜமான த்ராஷிங் நடக்கும்போது “ஹேங் ஆயிருச்சு” என்கிறது. பாடமும் பொட்டியும் ஒரே பையில்தான் இருக்கின்றன. இரண்டுக்கும் சம்பந்தம் உண்டு என்று யாரும் சொல்லவில்லை.

சொல்லியிருந்தால் அடுத்த பொய்யும் உடைந்திருக்கும். “ரேம் இல்லேன்னா பேஜ் ஃபைலைக் கூட்டிப் போடு, ஸ்வாப்பைக் கூட்டு” என்று இன்னொரு ஆலோசனை உலவுகிறது. ரேமில் ஒன்றை எடுக்க ஏறக்குறைய 100 நானோ வினாடி. சுழல்கிற வன்தட்டில் ஒரு இடத்தைத் தேடி எடுக்க 10 மில்லி வினாடி பக்கம். ஒரு லட்சம் மடங்கு. ரேமில் எடுப்பது ஒரு வினாடி என்று வைத்துக்கொண்டால் வன்தட்டில் எடுக்க 27 மணி நேரத்துக்கு மேல். மற்ற நிரல்களாவது பரவாயில்லை, தூங்கும் பகுதியை வெளியே தள்ளிவிட்டுச் சமாளித்துக்கொள்ளும். ஜாவாவுக்கு அதுவும் முடியாது. குப்பை அள்ளும் நேரம் வந்தால், எது உயிரோடு இருக்கிறது என்று கண்டுபிடிக்க அது ஹீப் முழுக்க நடந்து பார்க்கும். தூங்க அனுப்பிய பக்கங்களை எல்லாம் ஒவ்வொன்றாக எழுப்பி உள்ளே கொண்டுவர வேண்டியிருக்கும். வன்தட்டு கறகறவென்று சத்தம் போட்டு, மவுஸ் செத்துக் கிடப்பது அப்போதுதான். நாலு ஜாவாவை ஸ்வாப்பில் ஓட்டச் சொல்வது தீர்வு ஆகாது.

‘ரேம் கிளீனர்’, ‘பூஸ்டர்’ என்று விற்கிற சாமான்கள் இதைவிட மோசம். ஓடுகிற நிரல்களின் ஒர்க்கிங் செட்டைப் பிடுங்கி வெளியே தள்ளிவிட்டு, “பார்த்தீர்களா, 2 ஜிபி விடுவித்துவிட்டேன்” என்று பச்சை வட்டம் காட்டும். அடுத்த நிமிடமே அவை பேஜ் ஃபால்ட் வாங்கித் திரும்பி வரும். லினக்ஸில் ‘ஃப்ரீ’ கட்டளை அடித்துவிட்டு, காலி ரேம் 200 எம்பிதான் என்று அலறுவதும் இதே வகை அறியாமை. பார்க்க வேண்டியது ‘அவெய்லபிள்’ என்ற பத்தியை. மிச்ச ரேமில் கோப்புகளை நினைவில் வைத்திருப்பது லினக்ஸ் செய்யும் நல்ல காரியம், கேட்டால் உடனே திருப்பித் தந்துவிடும்.

அப்படியானால் என்னதான் செய்வது?

முதலில் எமுலேட்டரை மூடுங்கள். பெரும்பாலான பிள்ளைகளின் சட்டைப்பையில் 4 ஜிபி, 6 ஜிபி ரேம் உள்ள நிஜமான ஆண்ட்ராய்டு போன் இருக்கிறது. அதைப் பக்கத்தில் வைத்துவிட்டு, மடிக்கணினியின் ஒட்டைக் கஞ்சியில் ஒரு பொய்ப் போனுக்குப் பங்கு ஊற்றுவதில் என்ன அர்த்தம்? யூஎஸ்பி கேபிளில் சொருகி டீபக்கிங்கை இயக்கினால் முடிந்தது. போன் திரையைக் கணினியில் காட்ட வேண்டுமா, ‘எஸ்சிஆர்சிபிஒய்’ என்ற கட்டற்ற மென்பொருள் 2018-இல் இருந்து இருக்கிறது. ஒரே அடியில் 2 ஜிபிக்கு மேல் மிச்சம்.

அடுத்து அந்த எண்கள். மாணவர் ப்ராஜெக்ட் அளவுக்கு கிரேடிலுக்கு 1 ஜிபி வைத்து ஓட்டிப் பார்க்கலாம். கோட்லின் கம்பைலரை ‘இன்-ப்ராசஸ்’ முறையில் கிரேடிலுக்குள்ளேயே ஓடச் சொன்னால் ஒரு டீமன் குறையும். ஒரே நேரத்தில் ஓடும் வொர்க்கர்களின் எண்ணிக்கையைக் குறைக்கலாம். ஸ்டூடியோவில் ‘பவர் சேவ் மோட்’ என்று ஒன்று இருக்கிறது. பின்னணியில் ஓயாமல் நடக்கும் சோதனைகளை அது நிறுத்திவிடும், தேவைப்படும்போது திரும்பப் போட்டுக்கொள்ளலாம். எண்ணைக் குறைக்கிறேன் பேர்வழி என்று 256-க்குக் கொண்டுபோகவும் கூடாது. ஹீப் ரொம்பச் சிறியதானால் ஜாவா குப்பை அள்ளுவதிலேயே தொண்ணூற்றெட்டு சதவீத நேரத்தைச் செலவழித்துவிட்டு, ‘ஜிசி ஓவர்ஹெட் லிமிட்’ என்று கையை விரித்துவிடும். கூட்டிக் குறைத்து, கட்டும் நேரத்தைக் குறித்துவைத்து, சரியான எண்ணைக் கண்டுபிடிக்க வேண்டும். ஒரு சாயங்கால வேலை. பரிசோதனைக் கூடத்தில் செய்யச் சொன்னால் அதைவிட நல்ல ஆப்பரேட்டிங் சிஸ்டம் செய்முறை கிடையாது.

4 ஜிபி பொட்டிக்காரர்களுக்கு உண்மையைச் சொல்லிவிட வேண்டும். புதிய ஸ்டூடியோ அதில் உருப்படியாக ஓடாது. ஆனால் ஸ்டூடியோ இல்லாமல் ஆண்ட்ராய்டு ஆப் எழுத முடியாது என்று யார் சொன்னது? எடிட்டர் தனி, கட்டுகிற கருவி தனி. ஜாவா, கூகுள் தரும் கட்டளைவரிக் கருவிகள், கிரேடில், ஒரு சாதாரண டெக்ஸ்ட் எடிட்டர், ஒரு போன். சின்ன ஆப்புக்கு இது போதும். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபரில் முடிந்துவிட்டது, அந்தப் பொட்டிகளில் எத்தனையோ விண்டோஸ் 11-க்குத் தகுதி பெறாதவை. எக்ஸ்எஃப்சிஇ போன்ற இலேசான டெஸ்க்டாப் உள்ள லினக்ஸைப் போட்டு, இசட்ரேம் வைத்துக்கொண்டால் (ஸ்வாப்பைத் தட்டுக்கு அனுப்பாமல் ரேமிலேயே சுருக்கி வைக்கும் முறை, ஆண்ட்ராய்டு போன்களே இதைத்தான் செய்கின்றன) இன்னும் சில வருடம் உழைக்கும். ஆரம்பகால அரசு மடிக்கணினியில் சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் போட்டே கொடுத்தார்கள். வாங்கிய வாரமே அதை அழித்துவிட்டு டூப்ளிகேட் விண்டோஸ் போட்டுக்கொண்டவர்கள் எத்தனை பேர்!

2 ஜிபி பொட்டி? அதில் ஆண்ட்ராய்டு கனவை விட்டுவிடலாம். சி, பைத்தான், எஸ்க்யூலைட் எல்லாம் தாராளமாக ஓடும். அதில் எழுதிய ஒரு நல்ல ப்ராஜெக்டை ஏற்றுக்கொள்ள மாட்டேன், ‘ஆப்’தான் வேண்டும் என்று அடம்பிடிக்கிற துறைகள் இருக்கின்றன பாருங்கள், தப்பு அங்கே.

“இன்டஸ்ட்ரியில் இதைத்தான் பயன்படுத்துகிறார்கள், பிள்ளைகளும் அதையே பழக வேண்டாமா?” என்று கேட்பார்கள். முதல் வருடத்தில் டர்போ சி சொல்லிக்கொடுத்தபோது இந்த இன்டஸ்ட்ரி எங்கே போயிருந்தது? 1990-களின் டாஸ் காலத்துக் கருவி அது, டாஸ்பாக்ஸ் போட்டு நீலத் திரையில் ஓட்டிக்கொண்டிருந்த கல்லூரிகள் எத்தனையோ. அதன் மெனுவில் டைனி, ஸ்மால், மீடியம், காம்பாக்ட், லார்ஜ், ஹியூஜ் என்று மெமரி மாடல்களே வரிசையாக இருக்கும். அதையாவது காட்டி நினைவகம் என்றால் என்ன என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. 640 கேபியில் இருந்து நேராக 16 ஜிபிக்கு ஒரே தாவல், நடுவில் ஒரு வார்த்தை கிடையாது. தவிர, நிறுவனங்கள் வேலைக்கு எடுக்கும் ஆளுக்குப் பொட்டியையும் சேர்த்துக் கொடுக்கின்றன. கல்லூரி ஃபீஸை மட்டும் வாங்குகிறது.

ஐடிஈ-க்கள் சும்மா ரேமைத் தின்பதில்லை, முழுக் கோடையும் அட்டவணை போட்டு வைத்துக்கொண்டு பிழையைக் காட்டுகின்றன, பெயரை நிரப்புகின்றன என்பது நியாயமான வாதம். பத்து லட்சம் வரிக் கோடு உள்ள இடத்தில் அது கூலிக்குத் தக்க வேலை. அறுநூறு வரி மாணவர் ப்ராஜெக்டுக்கு அந்த யானை எதற்கு? பாஸ்கல் மொழியை உருவாக்கிய நிக்லாஸ் விர்த் 1995-லேயே, வன்பொருள் வேகமாவதைவிட மென்பொருள் மந்தமாவது வேகமாக நடக்கிறது என்று கட்டுரை எழுதி எச்சரித்தார். 2024 புத்தாண்டு அன்று அவர் காலமானார். அவர் சொன்னது அப்படியே நடந்துகொண்டிருக்கிறது.

“எதற்கு இவ்வளவு பாடு, ஒரு ரேம் குச்சி வாங்கிச் சொருகினால் போச்சு” என்ற வாதமும் இனி எடுபடாது. செயற்கை நுண்ணறிவு டேட்டா சென்டர்கள் நினைவகச் சில்லுகளை அள்ளிக்கொண்டு போக, 2025 கடைசியில் ரேம் விலை தாறுமாறாக ஏறியது. 2025 டிசம்பரில் மைக்ரான் நிறுவனம், சாதாரண ஜனங்களுக்கு விற்றுவந்த க்ரூஷியல் வியாபாரத்தையே மூடுவதாக அறிவித்தது. பெரிய இடங்களுக்கு விற்றால்தான் லாபம் என்று. மயிலாடியில் தினக்கூலிக்குக் கல் கொத்துகிற அப்பாவிடம் போய் “ரேம் வாங்கக் காசு தா” என்று கேட்கச் சொல்லுமுன், அந்தப் பொட்டியில் எத்தனை ஜாவா வெட்டியாகத் தூங்கிக்கொண்டிருக்கிறது என்று சார்கள் ஒரு தடவை ஜேபிஎஸ் அடித்துப் பார்க்கட்டும்.

கல்லூரிகள் செய்ய வேண்டியது பெரிதாக ஒன்றுமில்லை. ப்ராஜெக்ட் அறிவிப்பில் எந்தக் கருவி வேண்டும் என்று போடுகிற இடத்தில், அதற்கு எத்தனை ஜிபி வேண்டும், வகுப்பில் எத்தனை பேரிடம் அது இருக்கிறது என்று எண்ணிப் பார்த்துப் போடலாம். லேபில் இருக்கும் ஒரே ஒரு நல்ல கணினியைத் துறைத்தலைவர் அறையில் பவர்பாயிண்ட் காட்ட வைக்காமல், பிள்ளைகளின் கோடைக் கட்டிக்கொடுக்கும் சர்வராக நெட்வொர்க்கில் விடலாம். பிள்ளைகள் தங்கள் பழைய பொட்டியில் எழுதி, அங்கே அனுப்பி, கட்டி வந்த ஆப்பைப் போனில் போட்டுப் பார்க்கட்டும். வைவாவில், “உன் ப்ராஜெக்ட் ஓட எவ்வளவு நினைவகம் எடுக்கிறது, அதை எப்படி அளந்தாய்?” என்று ஒரு கேள்வி கேட்கலாம். சென்டரில் வாங்கி வந்தது எது, சொந்தமாக எழுதியது எது என்று அந்த ஒரு கேள்வியிலேயே தெரிந்துவிடும்.